வெள்ளவத்தையில் மூன்று இரவுகள் மணந்த பெற்றோல்: காரின் எரிபொருள் கசிவை அறிவதும் திருத்துவதும்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. கீழ்த்தளம் வாகனத் தரிப்பிடம். மாமாவின் காரும் அங்கேதான் நிற்கும். சில மாதங்களுக்கு முன்னர் மூன்று இரவுகள் தொடர்ந்து அங்கே பெற்றோல் மணந்தது. மூன்றாவது இரவு, முதலாம் மாடியில் தனியாக வசிக்கும் அன்ரி எங்கள் கதவைத் தட்டினார்.

“தம்பி, ஆர் கீழ பெற்றோல் ஊத்தினது?”

யாரும் ஊற்றவில்லை, காரில் ஏதோ ஒழுகுகிறது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. 1983 ஜூலை 25 அன்று அவர் இதே வெள்ளவத்தையில் இருந்தவர். பெற்றோல் மணத்தோடு அவரால் நித்திரை கொள்ள முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

மாமாவுக்கோ அந்த மணம் ஒரு பொருட்டே அல்ல. அவர் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடியவர். “கொஞ்சம் மணக்குது எண்டா என்ன? ஓடுதுதானே” என்பது அவருடைய கட்சி. இரண்டாம் நாளே பொனெட்டைத் திறந்து, ஈரமாக இருந்த றப்பர் குழாயின் மேல் பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். அதன் பிறகு மணம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மண்ணெண்ணெய்க் காலத்துப் பாடம்

மாமாவின் கைவைத்தியத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் வடக்குக்கான எரிபொருள் தடைசெய்யப்பட்டது. போத்தல் கணக்கில் கிடைத்த பெற்றோலின் விலை சாதாரண மனிதருக்கு எட்டாதது. அப்போது யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குழாய் வெடித்தால் ரியூப் துண்டு, தாங்கியில் ஓட்டை விழுந்தால் சவர்க்காரம். உதிரிப்பாகம் வராத ஊரில் வண்டியை ஓட வைத்தது அந்த அறிவுதான்.

அந்த அறிவு இன்றைய காரில் பிழைப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, எரிபொருள் வேறு. தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி எழும்ப மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். பெற்றோலுக்கு அந்த வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே ஏறக்குறைய 40 பாகை. அதாவது, கொழும்பின் எந்த நேரத்திலும், எந்த நிழலிலும், திறந்திருக்கும் பெற்றோல் தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது. அதன் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு ஊர்ந்து, வடிகாலிலும் மாடிப்படிக்குக் கீழும் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். நாலு பக்கமும் சுவர் வைத்த கீழ்த்தளத் தரிப்பிடத்தில் இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, அழுத்தம் வேறு. காபரேட்டர் கார்களில் எரிபொருள் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே வரும். குழாய் வெடித்தால் சொட்டும், அவ்வளவுதான். இன்ஜெக்டர் உள்ள கார்களில் தாங்கிக்குள் இருக்கும் மின்பம்பு ஏறக்குறைய 3 பார், அதாவது 40 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பெற்றோலைத் தள்ளுகிறது. கார் ரயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். அந்த வெடிப்பின் மேல் ரியூப் துண்டைச் சுற்றினால் பெற்றோல் பக்கவாட்டில் வழி தேடும். தவிரவும், ரியூப் றப்பர் பெற்றோலில் ஊறிப் பருத்து மெதுவாகிவிடும். மாமா கட்டிய துண்டைக் கழற்றியபோது அது நனைந்த ரொட்டித் துண்டு போல இருந்தது.

ஏன் இப்போது கூடுதலாகக் காண்கிறோம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து ஆண்டுகளில் மாற்றப்பட்டிருக்க வேண்டிய பல கார்கள் மாற்றப்படாமலே ஓடின. இப்போதும் விலையைக் கேட்டுவிட்டுப் பலர் பழைய காரோடு திரும்பி வருகிறார்கள். மாமாவின் ஜப்பானியச் சிறிய காருக்கு வயது 18. அதன் பெற்றோல் குழாய்கள் தொழிற்சாலையில் பூட்டப்பட்டவை. வெப்பத்தில் வெந்து வெந்து றப்பர் இறுகி, கிளிப் கடிக்கும் இடத்தில் வெடிப்பது அந்த வயதில் இயல்பு.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. காரின் அடியில் தாங்கியிலிருந்து எஞ்சின் வரை ஓடும் இரும்புக் குழாய் உப்பில் துருப்பிடிக்கும். மேலே பெயின்ற் பளபளக்கும் காரின் அடிவயிற்றை ஒரு முறை குனிந்து பார்த்தால் தெரியும்.

மணம் எப்போது வருகிறது?

கொட்டாஞ்சேனையில் சிறிய கராஜ் வைத்திருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். காரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “ஐயோ தம்பி, ஸ்டார்ட் பண்ண வேணாம். நான் வாறேன்.” அடுத்து அவர் கேட்டது காரின் மொடலை அல்ல, மணம் எப்போது வருகிறது என்பதைத்தான். அந்தக் கேள்விக்கான பதிலே பாதி நோயறிதல் என்றார்.

தாங்கியை நிரப்பிய பின்னர் மட்டும் மணந்தால், பெற்றோல் ஊற்றும் கழுத்துக் குழாயிலோ தாங்கியின் மேல்மூடியிலோ பிழை இருக்கலாம். பம்பு தானாக நின்ற பின்னரும் “இன்னும் கொஞ்சம்” என்று நிரப்பும் பழக்கம், ஆவியை உறிஞ்சிக்கொள்ளும் கரிப் பெட்டிக்குள் பெற்றோலைத் தள்ளிக் கெடுத்துவிடும்.

காருக்குள், பின் ஆசனத்தருகே மணந்தால், ஆசனத்துக்குக் கீழே இருக்கும் பெற்றோல் பம்பின் மூடியைச் சந்தேகிக்க வேண்டும். பல சிறிய கார்களில் பம்பு அங்கேதான் இருக்கிறது.

அதிகாலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மணந்தால், இன்ஜெக்டர்களின் ஓ-ரிங் இறுகியிருக்கலாம். சூடேறி விரிந்ததும் அது தானாக அடைத்துக்கொள்வதால் பகலில் அகப்படாது.

ஓடி வந்து நிறுத்திய பின்னர் மணந்தால், எஞ்சின் பக்கத்துக் குழாயைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின்னரும் குழாயில் அழுத்தம் நீண்ட நேரம் தங்கியிருக்கும். வெடிப்பு வழியே சூடான எஞ்சினின் மேல் கசியும். மாமாவின் கார் இந்த வகை.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் கறுப்புப் புகை வருகிறது, எண்ணெய் பார்க்கும் கம்பியில் பெற்றோல் மணக்கிறது என்றால் கசிவு எஞ்சினுக்குள்ளே. இன்ஜெக்டர் ஒன்று மூடாமல் நிற்கலாம். எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போகும் என்பதால் அந்தக் காரையும் ஓட்டக்கூடாது.

காருக்குக் கீழே ஈரம் இருந்தால் ஒரு வெள்ளை மட்டையை விரித்து வைத்துப் பார்க்கலாம். குளிரூட்டியின் தண்ணீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சின் எண்ணெய் மண்ணிறத்தில் அப்படியே நிற்கும். பெற்றோல் சீக்கிரம் காய்ந்து மெல்லிய கறையை மட்டும் விட்டுப் போகும். ஆகவே மட்டை காய்ந்திருப்பதை வைத்துக் கசிவில்லை என்று முடிவு செய்யக்கூடாது.

திருத்தம் நடந்த விதம்

அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்தவுடன் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. வாயிற்கதவையும் பொனெட்டையும் திறந்துவிட்டு, காரை நியூட்ரலில் விட்டு எங்களை வெளியே தள்ளச் சொன்னார். அரை மணித்தியாலம் காற்றாட விட்டார். தீயணைக்கும் உலர் தூள் சிலிண்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும் என்பதால் வாளித் தண்ணீர் உதவாது. அதன் பிறகுதான் பற்றறியின் மறை முனையைக் கழற்றினார். ஆவி நிற்கும் இடத்தில் அந்த முனையில் எழும் சிறு பொறியே போதும் என்பதால்தான் அந்த அரை மணித்தியாலம்.

குழாயின் இணைப்பில் துணியைச் சுற்றி, மெல்லத் தளர்த்தி, மிஞ்சியிருந்த பெற்றோலைத் துணியிலும் போத்தலிலும் வாங்கினார். கழற்றிய குழாயை வளைத்துக் காட்டினார். கிளிப் இருந்த இடத்தில் சுற்றிவர மயிரிழை வெடிப்புகள்.

பிறகு பஞ்சிகாவத்தைக்குப் போனோம். குழாய் அடிக்கணக்கில் விற்கிறார்கள். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், காபரேட்டருக்கான சாதாரணக் குழாய் வேறு, இன்ஜெக்டர் அழுத்தத்தைத் தாங்கும் குழாய் வேறு. பின்னையதன் மேல் அதன் தரமும் தாங்கும் அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். அச்சே இல்லாத குழாயை “எல்லாத்துக்கும் போடலாம்” என்று தந்தால் வாங்கக்கூடாது. கிளிப்பும் அப்படித்தான்: குழாயை வெட்டும் துளைப்பட்டிக் கிளிப்பை விட, விளிம்பு மழுங்கிய இன்ஜெக்டர் கிளிப்பே பொருத்தம்.

புதிய குழாயைப் பூட்டிய பின்னர், பற்றறியை இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை திருப்பினார். அப்போது பம்பு சில விநாடிகள் ஓடிக் குழாயில் அழுத்தம் ஏறும். டோர்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து இணைப்பைச் சுற்றிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அதன் பிறகே எஞ்சின் இயங்கியது. பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மீண்டும் பார்த்தார். அடியில் இரும்புக் குழாயில் மேல்துரு மட்டும் இருந்தது. அதை ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கச் சொன்னார்.

நாமே கை வைக்கக்கூடாத இடங்கள்

பெற்றோல் தாங்கியில் ஓட்டை விழுந்தால் ஒட்டுவேலை செய்பவரிடம் நேரே கொண்டுபோகக்கூடாது. வெறுமையான தாங்கி, நிறைந்த தாங்கியை விட ஆபத்தானது. உள்ளே இருப்பது முழுவதும் ஆவி. முறையாகக் கழுவி ஆவி நீக்காத தாங்கியில் வெல்டிங் பொறி பட்டால் அது வெடிகுண்டுதான். மாற்றுவதே நல்லது.

யாழ்ப்பாணத்துக்கு ஓடும் டீசல் வான்களில், புதிய வகை எஞ்சின்களின் குழாய் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் போகும். ஊசித் துளையிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவைக் கையால் தடவித் தேடுவது கூடவே கூடாது. ஹைபிரிட் கார்களில் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கலாம். கசிவு பார்க்கும் முன் காரை முழுமையாக நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைக்க வேண்டும்.

மணம் வந்தவுடன் எல்லோரும் செய்யக்கூடியது இவ்வளவுதான்: எஞ்சினை இயக்காதீர்கள். பக்கத்தில் சிகரெட், நுளம்புச் சுருள், மின் ஆளி எதையும் தொடாதீர்கள். காற்றோட்டம் கொடுங்கள். மாடியில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

அன்று மாலை மாமாவே முதலாம் மாடிக்கு ஏறிப் போனார். “அன்ரி, குழாய் மாத்தியாச்சு. இனி மணக்காது” என்றார். அவர் தலையாட்டிவிட்டு, “அப்ப படிக்குக் கீழ இருக்கிற கான்?” என்று கேட்டார்.

2022 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. அடுத்த மாதம் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். அந்த நாட்களில் வரிசையில் நின்று சேர்த்த ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்றை மாமா மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நின்ற பின்னரும் அது அங்கேயே இருந்தது. திரும்பவும் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு எளிதில் போகாது. கார் குழாயைப் பற்றி இரண்டு நாட்கள் பேசிய எங்களில் ஒருவருக்கும் அந்தக் கான் நினைவில் வரவில்லை. அன்ரிக்கு மட்டும் வந்தது.

மாமா அன்றிரவே கானை வெளியே எடுத்தார். மறுநாள் காலை கொட்டாஞ்சேனைக்காரர் வந்து அதைத் தன் கராஜுக்குக் கொண்டுபோனார்.