ஜாம் போத்தலும் பனம்பழமும்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று கடையில் கைநீட்டி வாங்கிய சாமான்கள் ஒவ்வொன்றாக அருகிப் போயின. கிடைத்தவையும் யானை விலை குதிரை விலை. சண்டிலிப்பாயும் மானிப்பாயும் சங்கானையும் குடாநாட்டின் மற்ற ஊர்களைப் போலவே அந்த ஆண்டுகளை இருட்டில் கடந்தன. அந்தக் காலத்தின் துயரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுத வேண்டியதும் நிறைய உண்டு. இங்கே நான் சொல்ல வந்தது, அதே நாட்களில் குசினியிலும் கிணற்றடியிலும் சைக்கிள் கடை வாசலிலும் பிறந்த சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகளைப் பற்றி. முதலில் செய்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் செய்ததைப் பார்த்து அடுத்த வீட்டில் செய்தார்கள், ஒரு மாதத்துக்குள் ஊரெல்லாம் அதுவே வழக்கமாயிற்று. இல்லாக்குறைக்குச் செய்த வேலை என்று அவற்றை ஒதுக்கிவிடுவது பெரிய தவறு என்பேன். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே நல்ல பௌதிகமும் இரசாயனமும் இருக்கின்றன.

முதலில் விளக்கு. வெறும் ஜாம் போத்தல் ஒன்று. அதன் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். நடுவில் ஒரு கம்பிச் சுருளோ சின்னத் தகரக் குழாயோ தாங்கி நிற்க, அதற்குள் மெல்லிய நூல்திரி. வீட்டுக்கு வீடு சிறு மாற்றங்கள் இருக்கும், அடிப்படை இதுதான். போத்தலே விளக்கு, போத்தலே சிமினி.

பஞ்சு ஏன்? சாதாரணக் குப்பி விளக்கு சரிந்தால் எண்ணெய் கொட்டும், பாய் பற்றும், கிடுகு வேய்ந்த வீடு என்றால் கூரையும் பற்றும். பஞ்சின் இழைகளுக்கு இடையில் தங்கிய எண்ணெயை அதன் மேற்பரப்பு இழுவிசை பிடித்து வைத்திருக்கிறது. போத்தல் உருண்டாலும் எண்ணெய் ஓடாது. அதே விசைதான் எண்ணெயை நூல்திரி வழியே மேலே ஏற்றுகிறது. இழைகளுக்கு இடைப்பட்ட நுண்ணிய வழிகளில் திரவம் தானாக ஏறும் இந்தச் செயலை மயிர்த்துளைத் தன்மை என்று பாடசாலையில் படித்திருப்போம். மெல்லிய திரியால் சுடருக்கு ஏறும் எண்ணெய் குறைவு, ஆகவே எரிந்து தீர்வதும் குறைவு. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று வந்த வீட்டில் அந்தச் சிக்கனம் பெரிய விஷயம்.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது போத்தலின் வேலை. அரிக்கன் லாம்பில் காற்று கீழிருந்து நுழைந்து மேலால் வெளியேறும். ஜாம் போத்தலுக்கு வாய் ஒன்றே, அடியில் ஓட்டை கிடையாது. அப்படியிருக்க, சுடருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? சூடான வாயு இலேசானது, அது போத்தலின் நடுவால் ஏறி வெளியே போகிறது. அது விட்ட இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று அதே வாயின் வழியாக, கண்ணாடியின் ஓரத்தை ஒட்டி இறங்குகிறது. ஒரே வாசலில் போக்கும் வரத்தும். அந்த வாசல் சிறியது என்பதால் அதற்குள் பெரிய சுடர் வாழ முடியாது. திரியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் காற்றுப் போதாமல் புகை கக்கும், கண்ணாடி கறுத்துப் போகும். வீட்டில் உள்ளவர்கள் உடனே திரியை இறக்குவார்கள். ஆக, காற்றில் அணையாமல் சுடரைக் காத்த அதே போத்தல், அளவுக்கு மிஞ்சி எண்ணெய் எரியாமலும் பார்த்துக்கொண்டது.

மைக்கேல் பரடே 1848இல் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் மெழுகுதிரி ஒன்றையே பொருளாகக் கொண்டு சிறுவர்களுக்குத் தொடர் விரிவுரை நிகழ்த்தினார். எரிவது மெழுகு அல்ல, மெழுகின் ஆவி என்று அவர் காட்டினார். மஞ்சள் வெளிச்சம் வருவது சுடருக்குள் உண்டாகும் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால் என்பதையும் விளக்கினார். ஜாம் போத்தலில் நடப்பதும் அதுவே. கண்ணாடியில் படியும் கரி, ஒளிர்ந்து முடித்து எரியாமல் தப்பிய துகள்கள்தான்.

இந்தச் சிறு சுடரில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள்? சாதாரண மெழுகுதிரி ஒன்று ஒரு அடி தூரத்தில் தரும் வெளிச்சம் சுமார் 11 லக்ஸ். இன்றைய அலுவலக மேசைக்குச் சொல்லப்படும் அளவு 500 லக்ஸ். ஆனால் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது. தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். புத்தகத்தை அரை அடிக்குக் கொண்டுவந்தால் 11 லக்ஸ் 40ஐத் தாண்டிவிடும். பிள்ளைகள் விளக்கைச் சுற்றித் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்ததற்குக் கணக்கு இதுதான். இருளுக்குப் பழகிய கண்ணின் உணர்திறனும் துணைக்கு வந்தது. வேறு எந்த வெளிச்சமும் இல்லாத ஊரில், அந்தச் சுடர் போதும் என்று கண் ஒத்துக்கொண்டது. அப்படிப் படித்துச் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள்.

வீதியில் ஓடிய மோட்டார் சைக்கிள்களினதும் கார்களினதும் கதை வேறு. பெற்றோல் கிடையாது, மண்ணெண்ணெய் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. பெற்றோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகும். அதன் ஆவி தீப்பற்றும் நிலை பூச்சியத்துக்கும் கீழே 40 பாகை அளவில் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகைக்கு மேல். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். ஆகவே கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்தார்கள். எஞ்சின் சூடேறியதும் அந்தச் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும், வண்டி தன்பாட்டில் ஓடும். ஹொண்டா சீ நைன்ரியும் பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜும் இதற்கு இசைந்துகொடுத்தன. காரணம், அவற்றின் எஞ்சின்கள் எரிபொருளை அதிகம் நெருக்காதவை. நெருக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் முன்கூட்டியே வெடித்து, உலோகத்தில் அடிப்பதுபோல் சத்தம் எழுப்பி, பிஸ்டனையே கெடுத்துவிடும். பிரித்தானிய வயல்களில் போர்ட்சன், பெர்குசன் உழவு இயந்திரங்களில் இதே முறை முன்பு இருந்தது: பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மலிவான மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றுவார்கள். அங்கே அது தொழிற்சாலை வடிவமைப்பு. இங்கே கராச் பெடியன்கள் கையிலிருந்ததை வைத்துத் தாங்களாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வானொலிக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றி இருந்து செய்தியும் பாட்டும் கேட்பார்கள். டைனமோ தருவது 6 வோல்ற்று, 3 வாற்று. சிறிய வானொலி மெல்லிய சத்தத்தில் பாட அதில் ஒரு பங்கே போதும். சிக்கல் என்னவென்றால் டைனமோவில் வருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், வானொலி கேட்பதோ ஒரே திசையில் ஓடுவது. பழுதான வானொலியில் இருந்து கழற்றிய டயோட்டுகள் அதைச் சரிசெய்தன. சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் பாடகரின் குரலும் மெலிந்து ஓயும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது பனம்பழத்தைப் பற்றி.

சவர்க்காரம் அரிதானபோது பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். கறுத்த தோலை உரித்துக் கொட்டையைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால், தும்புக்கு இடையில் இருந்து செம்மஞ்சள் களி கரைந்து வரும். கை வழுக்கும், தண்ணீரில் நுரை எழும். அந்தத் தண்ணீரில் உடுப்பை ஊறவைத்துக் கசக்கினால் ஊத்தை போகும். வாசம் மட்டும் இலேசில் போகாது. கொடியில் காய்ந்த உடுப்பை மாடு வந்து சப்பிய கதைகளை ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். மாட்டுக்குப் பனம்பழம் என்றால் உயிர், அதன்மேல் பழி சொல்ல முடியாது.

அந்த நுரைக்குக் காரணம் சபோனின் என்ற வகைச் சேர்மம். ஒரு கையால் தண்ணீரையும் மறு கையால் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு அது. தண்ணீரைப் பிடிக்கும் பக்கம் வெல்லங்கள் கோத்த சங்கிலி, எண்ணெயைப் பிடிக்கும் பக்கம் ஸ்ரெரொயிட் கூடு. உடுப்பில் ஒட்டிய எண்ணெய் அழுக்கைச் சுற்றிப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்து வந்துவிடும். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பனங்களியில் இருந்து இச்சேர்மங்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். பனையின் தாவரவியற் பெயர் பொராசஸ் பிளாபெலிபர். அதில் இருந்தே இவை பிளாபெலிபெரின் என்று பெயர் பெற்றன.

இதில் என்னை மலைக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. பனங்களியின் கைப்புக்குக் காரணம் எது என்று தேடியபோது அகப்பட்டதும் பிளாபெலிபெரின்களில் ஒன்றுதான். தோடம்பழ இனச் சாறுகளின் கைப்பைப் போக்கப் பயன்படும் நரிஞ்சினேஸ் என்ற நொதியத்தைச் சேர்த்தால் அந்த மூலக்கூறின் வெல்லச் சங்கிலி வெட்டுப்படுகிறது, கைப்பும் போய்விடுகிறது. பணியாரத்துக்குக் களி பிசையும் அம்மாமார் நாக்கில் வைத்துப் பார்த்து, கைத்தால் ஒதுக்குவது எந்தக் குடும்பத்துப் பொருளையோ, அதே குடும்பம்தான் கிணற்றடியில் சவர்க்காரமாக வேலை செய்தது.

யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கு இது இன்னொரு விதத்திலும் பொருந்தியது. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. சண்டிலிப்பாய்ப் பக்கத்தால் போகும் வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடும், மற்ற நாளெல்லாம் கிணறே கதி. கிணற்று நீரில் கல்சியம் கரைந்திருக்கிறது. சாதாரணச் சவர்க்காரம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும், அதனால்தான் வன்னீரில் நுரை வரச் சவர்க்காரம் கூடத் தேய்க்க வேண்டியிருக்கிறது. பனம்பழத்துச் சபோனினுக்கு மின்னேற்றம் இல்லை. கல்சியம் அதைப் பிடித்து மடக்க முடியாது. எங்கள் வன்னீரில் சவர்க்காரத்துக்கு இருந்த அந்த நட்டம் பனங்களிக்கு இருக்கவில்லை.

பனையோடு தொடர்புள்ள பழைய கண்டுபிடிப்பு ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பாளையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. மரம் ஒன்று, பாளை ஒன்று. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவங்கள் வெல்லத்தை மதுசாரமாக மாற்றுகின்றன. சுண்ணாம்பின் காரத்தில் அவற்றால் வேலை செய்ய முடியாது. எனவே இனிப்பு இனிப்பாகவே விடியும் வரை நிற்கிறது, காய்ச்சினால் பனங்கட்டி ஆகிறது. நொதித்தல் உயிருள்ள நுண்ணங்கிகளின் வேலை என்று பாஸ்ரர் 1857இல் எழுதினார். மரத்தில் ஏறியவர்களின் கைக்கு அதை நிறுத்தும் வழி அதற்கு நெடுங்காலம் முன்பே தெரிந்திருந்தது.

தட்டுப்பாடு பிறகும் வந்தது: 2022இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவானது. ஜாம் போத்தல் விளக்கைச் செய்து படித்த தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயது ஆகிறது. திரியை எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும், எந்தப் பனையின் பழம் நன்றாக நுரைக்கும் என்பதெல்லாம் அவர்களின் கைக்குத்தான் தெரியும். கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் இது.

பாடசாலைப் பிள்ளைகள் இந்த ஆவணியில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வெவ்வேறு பனைகளின் பழங்களை எடுத்துக் களியைத் துணியில் வடிகட்டுங்கள். மூடியுள்ள ஒரே அளவுப் போத்தல்களில் ஒரே அளவு கிணற்று நீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பழத்தின் களியில் ஒரு தேக்கரண்டி விடுங்கள். இன்னொரு போத்தலில் சீவிய சவர்க்காரம் கொஞ்சம் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவு நேரம் குலுக்கி வைத்து, நுரையின் உயரத்தைக் கால் மணி நேரம் கழித்து அடிமட்டத்தால் அளவெடுங்கள். ஒவ்வொரு களியையும் நாக்கில் தொட்டுப் பார்த்துக் கைப்பையும் பக்கத்தில் குறியுங்கள். கைப்புக் கூடிய பழத்தில் நுரையும் கூடுகிறதா?