தோள் தரும் வேகம், முழங்கை கொடுக்கும் விலை

பிறை வடிவில், ஒரு முனை கனமாகச் செய்த எறிகட்டை வளரி. லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்றுச் சுழற்றி, விசையேறியதும் விட்டெறிவார்கள். அதில் கைதேர்ந்தவர்கள் தம் சமஸ்தானத்தில் இப்போது யாரும் இல்லை என்றும், முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு மட்டும் எப்போதாவது பயன்படுகிறது என்றும் புதுக்கோட்டைத் திவான், இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டனுக்கு எழுதியனுப்பினார். 1909-இல் வெளியான தர்ஸ்டனின் நூலில் அந்தத் தகவல் இருக்கிறது.

வளரி வீசுவோர் அருகிப்போனாலும், அதை வீசிய தோளின் அமைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. மனிதனைவிடப் பலசாலியான சிம்பன்சி எறியும் பொருள் மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டுவது அரிது. பழக்கப்பட்ட 12 வயதுப் பையன் அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் எறிவான். ஏன் என்பதை நீல் ரோச், டேனியல் லீபர்மன், அப்போது பெங்களூரு தேசிய உயிர் அறிவியல் மையத்தில் இருந்த மதுசூதன் வெங்கடேசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். கல்லூரி பேஸ்பால் வீரர்களை எறியவைத்து, மூட்டுகளின் அசைவைக் கேமராக்களால் அளந்த ஆய்வு அது.

எறிபவரின் முன்கால் தரையில் ஊன்றுகிறது. இடுப்பு திரும்புகிறது, பின்னாலேயே மார்பும் திரும்புகிறது. பந்து இருக்கும் கை மட்டும் பின்தங்குகிறது. அந்தக் கணத்தில் தோளைச் சுற்றியுள்ள நார்கள் உண்டிவில் ரப்பர்போல இழுபட்டு நிற்கின்றன. விடுபட்டதும் மேற்கை வினாடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி வேகத்தில் திரும்புகிறது. மனித உடலின் அதிவேக அசைவுகளில் தலையாயது இது.

இப்படிப்பட்ட தோளைத் தேடித்தான் 2008-இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியை நடத்தினார். தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிதல் வீரர்கள். பேஸ்பால் என்றால் என்னவென்றே அறியாத ரிங்கு, மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசி முதலிடம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. தினேஷ் 2010 இறுதியில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு கீழ்நிலை லீக்குகளில் படிப்படியாக ஏறினார். ஆஸ்திரேலியாவின் கான்பெரா கேவல்ரி கிளப்புக்கும் பந்து வீசினார். 2013-இல் முழங்கை அவரை உட்காரவைத்தது. 2018-இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். இவர்கள் கதைதான் 2014-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹாலிவுட் படமாக வந்தது.

தோள் தரும் வேகத்துக்கு முழங்கை ஏன் விலை கொடுக்கிறது? முழுவேக வீச்சில் முழங்கையின் உட்புறத்தில் சுமார் 64 நியூட்டன் மீட்டர் திருகுவிசை விழுகிறது. அங்குள்ள ஜவ்வு தனியாகத் தாங்கக்கூடியது அதில் ஏறக்குறைய பாதிதான். மீதியை முன்கைத் தசைகள் வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்தால் சுமை முழுக்க ஜவ்வின் மேல் இறங்கும், ஒருநாள் கிழியும். கிழிந்ததற்குப் பதிலாக வேறோர் இடத்து நாரை எடுத்துப் பொருத்தும் அறுவையை ஃபிராங்க் ஜோப் 1974-இல் டாமி ஜான் என்ற வீரருக்குச் செய்தார். டாமி ஜான் பெயரிலேயே அந்தச் சிகிச்சை இன்றும் வழங்குகிறது. ஈட்டி எறிபவர்களுக்கும் தொல்லை தருவது இந்த மூட்டுதான். நீரஜ் சோப்ராவும் 2019-இல் முழங்கை அறுவை செய்துகொண்டவர்.

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டக் கூடாது என்பது விதி. அதனால் முழங்கை பெரும்பாலும் தப்பிக்கிறது. வேகப்பந்து வீச்சாளரின் கீழ்முதுகு அடி வாங்குகிறது.

சிறுவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் முழங்கையில் ஜவ்வைவிடப் பலவீனமானது எலும்பு வளரும் குருத்துப் பகுதி. அதனால்தான் அமெரிக்காவின் 'லிட்டில் லீக்' பந்துகளை எண்ணுகிறது: 11, 12 வயதினருக்கு நாளொன்றுக்கு 85, 13 முதல் 16 வயதுவரை 95. 14 வயதுவரை உள்ளவர்கள் ஒரே நாளில் 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம்.

புதுக்கோட்டைப் பள்ளி மைதானங்களில் ஈட்டி எறியும் பிள்ளைகளுக்கும் எல்லைக் கோட்டிலிருந்து பந்தை விசிறியடிக்கும் பையன்களுக்கும் எண்ணிக்கை எழுத ஒரு நோட்டுப் போதும். உள் முழங்கையில் வலி என்று பிள்ளை சொன்னால், தைலம் தேய்த்து மறுநாளே மைதானத்துக்கு அனுப்பாமல், எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.