நண்பர் அழுத்தும் பட்டன்

உங்கள் திரையில் இல்லாத பட்டன் நண்பரின் திரையில் இருக்கிறதா? கம்ப்யூட்டர் கெட்டுவிடவில்லை. புதிய வசதியைப் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்து, மீதிப் பேருடன் ஒப்பிடுவது எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் வழக்கம்.

ஒரு சாட் வசதியை இப்படிச் சோதித்து நான் ஏமாந்தேன். வசதி கிடைத்தவர்கள் கிடைக்காத நண்பர்களுக்கும் செய்தி அனுப்ப, அவர்களும் பதில் அனுப்பித் தள்ளினார்கள். இரு பக்கமும் சமமாகத் தெரிந்தது. நல்ல வசதியைத் தூக்கிவிட்டோம்!

2010 நவம்பர் 2, அமெரிக்கத் தேர்தல் நாள். ஃபேஸ்புக்கில் சுமார் 6.1 கோடிப் பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பெரும்பாலோர் வாக்களித்த நண்பர்களின் படங்களுடன் செய்தி பார்த்தார்கள். 1 சதவீதத்தினர் படமில்லாமல். இன்னொரு 1 சதவீதத்தினருக்கு எதுவும் காட்டவில்லை. 2012-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. நேரடியாகக் கூடிய வாக்குகள் சுமார் 60,000. நண்பர்கள் வழியாகப் பரவிக் கூடியவை சுமார் 2,80,000! அதுவும் நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான்.

இப்போது நாங்கள் தனித்தனி ஆளாகப் பிரிப்பதில்லை. பழகும் நண்பர் கூட்டத்தை மொத்தமாக ஒரே பக்கம் வைத்துவிடுகிறோம்.