ஒரு பெயருக்குள் ஒளிந்திருந்த நான்கு வண்டுகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து பிளேன்டீ அருந்தும் ஒருவர், அத்தேயிலை வளர்ந்த செடியின் தண்டுக்குள் சுமார் இரண்டு மில்லிமீற்றர் நீளமேயான வண்டொன்று சுரங்கம் அகழ்ந்து குடியிருந்திருக்கக்கூடும் என எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் நன்கறிந்த துளை வண்டு அது. தண்டில் குண்டூசி முனையளவான துவாரங்களை இட்டு உட்புகுவதால் அப்பெயர் பெற்றது. இவ்வண்டு உண்மையில் எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற வினாவுக்கு, அது முதன்முதலில் விபரிக்கப்பட்டு 150 ஆண்டுகள் கடந்த பின்னரே, 2019ஆம் ஆண்டில், தெளிவான விடை கிட்டியது.

புதிய பூச்சியினம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போது, காட்டுக்குள் சென்ற ஆய்வாளர் ஒருவர் எவரும் காணாத உயிரொன்றைப் பிடித்து வந்தார் என்றே நாம் கருதிக்கொள்கிறோம். ஆயினும் பிடிப்பது இலகு. அது இதுவரை பெயரிடப்பட்ட எதுவுமன்று என நிறுவுவதே கடினமான பணியாகும். ஆய்வாளர் ஒரு மாதிரியைத் தெரிந்தெடுத்து, அதன் உறுப்புகளை அளந்து, நெருங்கிய உறவினங்களிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என எழுத வேண்டும். அவ்விபரணம் முறைப்படி வெளியிடப்பட வேண்டும். பெயரைத் தாங்கும் அம்மாதிரி ‘வகை மாதிரி’ எனப்படும். அது அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது. பின்னாளில் ஐயம் எழுமாயின், காணிப் பிணக்கில் மூல உறுதியைப் பார்ப்பது போல, அந்த மாதிரியையே பார்க்க வேண்டும். ஒரே உயிருக்கு இரு பெயர்கள் இருப்பின் முந்தியதே பொதுவாகச் செல்லும்.

எமது துளை வண்டை இவ்வாறு விபரித்தவர் ஜேர்மனியப் பூச்சியியலாளர் ஐக்கோஃப். இலங்கையிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1868இல் அவர் ‘ஃபோர்னிகேட்டஸ்’ என்ற பெயரைச் சூட்டினார். அப்போது மலைநாட்டில் கோப்பியே கோலோச்சியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டு ஓராண்டே ஆகியிருந்தது. கோப்பி நோயினால் அழிந்து தேயிலை பரவிய பின்னர், இவ்வண்டு தோட்டங்களின் நிரந்தரப் பகையாக மாறிற்று.

இதன் வாழ்க்கை வியப்புக்குரியது. இவ்வண்டு மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு தன் வாயருகேயுள்ள நுண்ணிய பைகளில் பூஞ்சண வித்துகளைச் சுமந்து வந்து, தண்டினுள் தான் குடையும் சுரங்கத்தில் அவற்றை விதைத்துப் பயிர் செய்கிறது. அப்பூஞ்சணமே தாய்க்கும் குஞ்சுகளுக்கும் உணவு. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கேட், லூஸ் ஆகிய இருவர் 1947இல் அப்பூஞ்சணத்தை விபரித்துப் பெயரிட்டனர். ஆண் வண்டுகளுக்குப் பறக்க இயலாது. உடன்பிறந்தவற்றுடனேயே அவை கூடுகின்றன. ஆதலால் தனியொரு பெண் வண்டே புதியதோர் இடத்தில் ஒரு குடியிருப்பை நிறுவப் போதுமானது. சுரங்கம் அகழப்பட்ட தண்டோ கொழுந்து பறிக்கும் கை படும்போது முறிந்து விழுகிறது. கொழுந்தின் எடைக்கு ஏற்பக் கூலி கணிக்கப்படும் இடங்களில், முறிந்த கிளை தொழிலாளியின் வருமானத்தையும் குறைக்கிறது.

2003இல் கலிபோர்னியாவிலும் 2009இல் இஸ்ரேலிலும் இதே தோற்றமுடைய வண்டு காணப்பட்டது. அது தாக்கிய அவகாடோ மரங்களும் நிழல் மரங்களும் பட்டுப்போயின. தேயிலைத் துளை வண்டே அங்கு சென்றுவிட்டதென முதலில் கருதினர். எனினும் மரபணுக்களை ஒப்பிட்டபோது, ஒரே பெயரால் அழைக்கப்பட்டவை ஒன்றல்ல, பல இனங்கள் என்பது புலனாயிற்று. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழும் பிரித்தறிய முடியாத அளவுக்கு அவை ஒத்திருந்தன.

2018இல் கோமஸ் முதலான ஆய்வாளர்கள் நுணுக்கமான அளவீடுகளையும் மரபணுச் சான்றுகளையும் சேர்த்து, ‘குரோஷியோ’ எனப் புதிய இனமொன்றை விபரித்தனர். ஜப்பானை அண்டிச் செல்லும் கடல் நீரோட்டத்தின் பெயர் அது. பழைய பெயரான ‘ஃபோர்னிகேட்டஸ்’ தேயிலை வண்டுக்கே உரியதெனவும் அவர்கள் கொண்டனர். மறு ஆண்டில் ஸ்மித் முதலானோர் ஐக்கோஃபின் மூல மாதிரியின் அளவுகளை ஒப்பிட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. 1868இல் இலங்கையிலிருந்து சென்ற வண்டு, கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் மரங்களை அழித்த இனத்தையே ஒத்திருந்தது. ஆகவே பழைய பெயர் அதற்கே உரித்தாயிற்று. தேயிலையுடன் பெரிதும் தொடர்புற்ற இனங்களுக்கு, முன்னர் சூட்டப்பட்டு ஒதுக்கப்பட்டிருந்த ‘பெர்பிரேவிஸ்’, ‘ஃபோர்னிகேட்டியர்’ என்ற பெயர்கள் மீண்டும் வழங்கப்பட்டன. நான்கு இனங்களுள் உண்மையில் புதிதாகப் பெயர் பெற்றது ஒன்றே.

பெயர் எதுவாயினும் வண்டு வண்டுதானே எனச் சிலர் கேட்கலாம். ஒரு பீடையின் இயற்கை எதிரியைத் தேடுவோர் அதன் தாயகத்திலேயே தேட வேண்டும். கலிபோர்னியாவுக்குச் சென்ற இரு இனங்களின் மரபணுத் தடங்கள் வியட்நாமையும் தாய்வானையும் சுட்டின. பெயரை மட்டும் நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தேடியிருந்தால் வேறோர் இனத்தின் எதிரியே கிடைத்திருக்கும்.

எந்தப் பூச்சி எதை உண்கிறது என அறியாமல் மருந்து தெளிப்பதன் விளைவை நாமே அனுபவித்திருக்கிறோம். தேயிலை இலையைச் சுருட்டும் புழுவைக் கட்டுப்படுத்த 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு குளவி கொண்டுவரப்பட்டு வெற்றியளித்தது. 1960களில் துளை வண்டுக்கு எதிராக டீல்டிரின் தெளிக்கப்பட்டபோது அக்குளவி மடிந்தது. அடங்கியிருந்த புழுக்கள் மீண்டும் பெருகின.

இவை தேயிலையோடு நிற்கும் விடயங்களல்ல. கொட்டாஞ்சேனைக்கு அருகே துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களில் மரச் சட்டங்களும் பெட்டிகளும் வருகின்றன. வண்டுகள் பயணிக்க அவை போதும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு 1909இல் சமோவாவுக்குச் சென்றது இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட இறப்பர் நாற்றுகளுடனேயே. 2017இல் தென்னாபிரிக்காவிலும் 2021இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் மேற்சொன்ன துளை வண்டு கண்டறியப்பட்டது. எல்லையில் அகப்படும் பூச்சி உள்ளூரதா அன்னியமா எனத் தீர்மானிக்க வேண்டியவர் அதனை இனங்காணத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும்.

1877இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகம் போன்றவற்றின் சேகரிப்புகளைப் பேணுவதையும், பூச்சிகளை வகைப்படுத்தும் அறிவில் இளைஞரைப் பயிற்றுவதையும் வீண் செலவெனக் கருதலாகாது. வருமானம் தராத துறை என்ற காரணத்தால் எமது பல்கலைக்கழக மாணவர் இதனை நாடாதிருப்பதில் வியப்பில்லை. ஆனால் இலட்சக்கணக்கான குடும்பங்களின் உழைப்பு தங்கியுள்ள ஒரு பயிரின் பகை யாதென அறிவதற்கு நாம் என்றென்றும் அன்னிய ஆய்வுகூடங்களையே எதிர்பார்த்திருக்க முடியாது. உயர்கல்விக்கும் பெருந்தோட்டத் துறைக்கும் பொறுப்பானவர்கள் இதனை உணர்ந்து செயற்படுதல் அவசியம்.