ராட்டினத்துக்குச் சட்டம் எங்கே?

புது தில்லி: உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம் இன்று நிற்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் "அப்பு கர்' இருந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக் குட்டியின் பெயரில் 1984-ல் தொடங்கப்பட்ட அந்தப் பொழுதுபோக்குப் பூங்கா 2008-ல் மூடப்பட்டது. ராட்டினங்கள் சுழன்ற இடத்துக்கு நீதிமன்றம் வந்துவிட்டது. ராட்டினத்தில் ஏறுவோரின் பாதுகாப்புக்கு மத்திய சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவின் டிஸ்னிலேண்டில் 1959-ல் ஆல்ப்ஸ் சிகரமான மேட்டர்ஹார்னின் வடிவில் செயற்கை மலை எழுப்பி, அதில் ரோலர் கோஸ்டரை ஓடவிட்டனர். குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம் அங்குதான் அறிமுகமானது. இத்தகைய வண்டிகளில் பொதுவாக என்ஜின் கிடையாது. சங்கிலியால் உச்சிக்கு இழுக்கப்பட்டு, பின்னர் புவியீர்ப்பு விசையால் ஓடுகின்றன. தண்டவாளத்தைக் கவ்வும் சக்கரம், பயணியைப் பிணைக்கும் பூட்டு, பிரேக் ஆகியவற்றில் எது தவறினாலும் ஆபத்துதான்.

2019 ஜூலையில் ஆமதாபாத் காங்கரியாவில் ராட்டினம் முறிந்து விழுந்து இருவர் இறந்தனர். 2022-ல் மொஹாலி பொருட்காட்சியில் ராட்டினம் உயரத்திலிருந்து விழுந்ததில் பலர் காயமடைந்தனர். 2025 ஏப்ரலில் தில்லி கபஷேராவில் ரோலர் கோஸ்டரில் இருந்து விழுந்து 24 வயதுப் பெண் உயிரிழந்தார்.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் கேளிக்கைகள் மாநிலப் பட்டியலின் 33-வது இனம். எனவே அனுமதி, ஆய்வு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ராட்டினங்களுக்கு ஐ.எஸ். 15475 என்ற தரத்தை வகுத்துள்ளது. ஆனால், அரசு ஆணையிட்டுக் கட்டாயமாக்காத வரை எந்தத் தரமும் விருப்பத்துக்கு உரியதே.

வரி விஷயத்தில் இந்தத் தடுமாற்றம் இல்லை. பூங்கா நுழைவுக் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டியை 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்க 2018-ல் மத்திய, மாநில அரசுகள் ஒன்றுகூடி முடிவெடுத்தன.

வழி இல்லாமல் இல்லை. புதிய ரயில் பாதையில் பயணிகள் ரயில் ஓட, பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் தேவை. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குபவர். தண்டவாளத்தை அமைப்பவர் வேறு, சான்றளிப்பவர் வேறு என்ற இந்த நெறி ராட்டினத்துக்கும் பொருந்தும்.

இரண்டு மாநிலச் சட்டப் பேரவைகள் தீர்மானம் நிறைவேற்றிக் கோரினால், 252-வது பிரிவின்படி நாடாளுமன்றம் அம்மாநிலங்களுக்காகச் சட்டம் இயற்றலாம்; பிற மாநிலங்கள் பின்னர் ஏற்கலாம். 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அவ்வாறு பிறந்ததே. முதல் தீர்மானத்தைக் கொண்டுவரப் போகும் பேரவை எது?