கொழுகொம்பு தேடும் வெள்ளரி

(இரண்டாம் ஆண்டு, தாவரவியல்)

படர வழியின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே கொடுத்துவிட்டு நடந்து சென்றான் பறம்பு மலைத் தலைவன் பாரி என்பதைப் பள்ளி நாள் முதலே படித்து வருகிறோம். வள்ளலின் கொடையில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆயினும் தாவரவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அன்று வழியில் நின்றது முல்லையாக இல்லாமல் வெள்ளரியாக இருந்திருந்தால், அந்தத் தேர் அதற்கு அவ்வளவாகப் பயன்பட்டிராது. முல்லைக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டையே சாய்த்தும் பின்னியும் மேலேறும் கொடி அது. வெள்ளரியின் தண்டுக்கு அந்தத் திறமை இல்லை. கணுதோறும் இலையை ஒட்டிப் புறப்படும் நூல் போன்ற பற்றுக்கம்பிதான் அதன் கை. பருத்த மரத்தூணை அந்தக் கையால் வளைத்துப் பிடிக்க இயலாது.

இதை நான் வகுப்பில் கற்றதைவிட எங்கள் தோட்டத்தில் கற்றதே அதிகம். அதற்கு விலையும் கொடுத்தேன்.

எங்களுக்குக் கிணற்றடியில் பதினைந்து சென்ட் நிலம் உண்டு. என் தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். வெள்ளரி தரையில் படரவேண்டிய கொடி, அதற்குப் பந்தல் போடுவது வீண் செலவு என்பது அப்பாவின் கட்சி. கோடைக்கு அவர் சொல்வது சரிதான். மாசியில் விதைத்த கொடி காய்ந்த தரையில் ஓடும். அதன் இலைகளே மண்ணுக்கு நிழல் தந்து ஈரத்தைக் காக்கும். ஆற்று மணலிலும் நீர் வற்றிய ஏரிகளிலும் வெள்ளரி போடுவோர் யாரும் பந்தலைப் பற்றி நினைப்பதில்லை. ஆனால் ஆவணியில் விதைத்து ஐப்பசி மழையில் காய் பறிப்பது வேறு கதை. ஈர மண்ணில் கிடக்கும் காய் அடிப்பக்கம் வெளுத்து, பின் அழுகுகிறது. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் ஈரம் உலர்வதில்லை. அடிச்சாம்பல் நோய்க்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. பறிக்கப் போகிறவர் கால் பட்டு நசுங்கும் கொடிகள் தனிக் கணக்கு. இப்படி ஓர் ஆண்டு பாதிக் காய் மாட்டுக்குப் போயிற்று.

மறு ஆண்டு நான் அப்பாவிடம் வாதாடிச் செடிக்கு ஒன்றாகச் சவுக்குக் கம்புகள் நட்டேன். மொத்தம் 40 செடிகள். பற்றுக்கம்பிகள் கம்பைத் தொட்டனவே தவிரப் பிடிக்கவில்லை. பொறுமையிழந்த நான் நைலான் கயிற்றால் தண்டைக் கம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். பார்க்க அணிவகுப்புப் போல் அழகாகத்தான் இருந்தது. ஒருநாள் இரவு காற்று அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் 17 கொடிகள் கட்டிய இடத்திலேயே அறுந்து தொங்கின. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அம்மாதான் அறுந்த கொடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டிப் போடாதடா, புடிக்க ஏதாச்சும் கொடு" என்றார்.

அம்மா படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னதற்குப் பின்னால் உள்ள அறிவியல் சுவையானது.

1858-ல் அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிரே பற்றுக்கம்பிகளின் சுருளல் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். அதைப் படித்த சார்லஸ் டார்வின் அவரிடமிருந்து எக்கினோசிஸ்டிஸ் என்னும் வட அமெரிக்கக் கொடியின் விதைகளைப் பெற்று வளர்த்தார். அதுவும் வெள்ளரிக் குடும்பமே. கொடியின் நுனியும் பற்றுக்கம்பியும் சும்மா இருப்பதில்லை, வட்டமிட்டுச் சுழன்றுகொண்டே இருக்கின்றன என்பதை அவர் கண்டார். ஒரு சுற்றுக்குச் சராசரி 1 மணி 40 நிமிடம். இருட்டில் கையை நீட்டிச் சுவரைத் தேடுகிறோமே, அது போலத்தான். கொடிகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1865-ல் வெளிவந்தது.

தேடும் பற்றுக்கம்பி மெல்லிய குச்சியையோ கயிற்றையோ தொட்டதும் அதைச் சுற்றிக்கொள்கிறது. அதன் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. பிடித்த முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட பகுதி சுருள்வில்லாக மாறிக் கொடியைக் கொழுகொம்பின் பக்கம் இழுக்கிறது. தோட்டத்துக்குப் போய் ஒரு பற்றுக்கம்பியை உற்றுப் பாருங்கள். பாதிச் சுருள் வலமாகவும் பாதிச் சுருள் இடமாகவும் இருக்கும். நடுவே சுற்று திசை மாறும் ஓர் இடம் தென்படும். காரணம் எளிது. இரு முனைகளையும் கட்டிவிட்ட கயிற்றை நடுவில் பிடித்து முறுக்கினால் ஒருபுறம் ஏறும் முறுக்கு மறுபுறம் எதிர்த்திசையில்தானே ஏறும்? அதே கணக்கு. எதையும் பிடிக்காத பற்றுக்கம்பியோ தானே சுருண்டு வாடிப்போகிறது. பிடித்தது தடித்து உரம் பெறுகிறது.

சுருள வைப்பது எது என்பது 2012-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில் தெளிவாயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதைச் செய்த குழுவில் எல். மகாதேவனும் ஒருவர், அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை. பற்றுக்கம்பியின் உள்ளே நார்ச்செல்களால் ஆன ஒரு மெல்லிய நாடா ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகமாகச் சுருங்குவதால் கம்பி முழுவதும் சுருள்கிறது. முற்றிய பற்றுக்கம்பியை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் சுருள் உடனே அவிழ்வதில்லை; முதலில் மேலும் சில சுற்றுகள் கூடுகின்றன! இளங்காற்றுக்கு நெகிழ்ந்து கொடுக்கும் அந்தச் சுருள், பலமாக இழுக்க இழுக்க விறைத்து நிற்கிறது. காற்றின் விசையைப் பத்துப் பன்னிரண்டு சுருள்வில்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில், நான் அத்தனையையும் ஒரு நைலான் முடிச்சின்மேல் ஏற்றிவிட்டேன். தண்டு அறுந்ததில் வியப்பென்ன?

போன குழிகளில் மறுவிதை ஊன்றினோம். சவுக்குக் கம்புகள் வீணாகவில்லை. வரிசையின் இரு முனையிலும் இடையிடையேயும் ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, ஆறடி உயரத்தில் கம்பி இழுத்து, அதிலிருந்து செடிக்குச் செடி சணல் கயிறு தொங்கவிட்டோம். குறுக்கே ஓரடிக்கு ஒரு சணல். இதை விதைக்கும்போதே செய்துவிட வேண்டும். வெள்ளரியின் வேர் மேலோட்டமானது. பிறகு குழி தோண்டினால் வேர் அறுபடும். கொடி ஒரு முழம் வளர்ந்ததும் அதைக் கயிற்றின் பக்கம் சாய்த்துவிட்டால் போதும். அதையும் பிற்பகலில் செய்வது நல்லது. காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால் பட்டென்று ஒடியும். அப்படியும் சாயும் கொடியை ஊறவைத்த வாழைநாரால், எட்டு வடிவில், விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டலாம். அடியிலுள்ள ஐந்தாறு கணுக்களில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டோம், காற்று நுழையட்டும் என்று. பூக்கள் தேனீயின் கண்ணிலும் காய்கள் நம் கண்ணிலும் படுவது இன்னொரு லாபம்.

தொங்கும் காய் தன் எடையால் நேராகவே வளர்கிறது. ரயில் எஞ்சினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன் தம் முதுமையில் வெள்ளரிக்காயை நேராக்கவென்றே கண்ணாடிக் குழாய்கள் செய்வித்து அவற்றுள் காயை வளர்த்தாராம். புடலையின் நுனியில் கல்லைக் கட்டும் நம்மவர் யோசனை அதைவிட மலிவு. பந்தல் வெள்ளரிக்கு அந்தக் கல்லும் வேண்டாம்.

மறுவிதைச் செடிகள் பின்தங்கியே காய்த்தன. இருந்தாலும் அந்த ஐப்பசியில் அழுகிய காய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாளில் கட்டினேன். சென்ற மாசியில் அப்பா வழக்கம்போல் தரையில்தான் விதைத்தார். ஆவணிக்கு மட்டும் சணல் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். பழைய சணலை மீண்டும் பயன்படுத்தலாம் என்று அவிழ்க்கப் பார்த்தோம். கொடி காய்ந்து சருகான பின்னும் பற்றுக்கம்பிகள் பிடியை விடவில்லை. கொடியும் கயிறுமாகச் சேர்த்து அறுத்து எருக்குழியில் போட்டுவிட்டோம்.