கார்டில் பெயர் இருந்தால்தான் காப்பீடு

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 72,000 ஆக இருந்ததை 2022-ல்தான் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். மாதம் 10,000 ரூபாய் என்பது இன்றைக்கு ஒரு கொத்தனார் ஈட்டுவதைவிடக் குறைவு. இந்த வரம்பு இன்னும் உயர வேண்டும்.

வருமானச் சான்றை எப்படியோ வாங்கிவிடுகிறார்கள். பலர் தடுமாறுவது, குடும்பத்தில் யாரெல்லாம் சேர்த்தி என்பதில்தான். குடும்பத் தலைவர், சட்டப்படியான கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்குக் காப்பீடு உண்டு. ஆனால் ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் வரை, திருமணமாகும் வரை அல்லது 25 வயது வரை; இதில் எது முந்துகிறதோ அதுவரைதான். கல்யாணமான பெண்ணின் பெயர் புகுந்த வீட்டுக் கார்டில் ஏறாவிட்டால், அவளுக்கு இரண்டு வீட்டிலும் காப்பீடு இல்லை.

இதைவிடக் கொடுமை, கணவன் விட்டுப்போன பெண்ணின் நிலை. கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் அசல் ரேஷன் கார்டைக் கேட்பார்கள். அது அவனிடம் இருக்கும். விவாகரத்து ஆகாதவரை சட்டத்தின் கண்ணில் அவள்தான் மனைவி, உரிமையும் போகவில்லை. கையில் காட்டத்தான் எதுவும் இல்லை. புதுக் கார்டு வாங்கலாம் என்றால் பழைய கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். பிரிந்து வாழ்வதைக் காட்ட, கைவிடப்பட்ட பெண் என்ற சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காய்ச்சலோ கட்டியோ வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு அலைய உடம்பில் தெம்பிருக்காது.

காப்பீடு கைகொடுக்காவிட்டாலும் சட்டத்தில் வேறு வழிகள் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, வன்முறைக்கு ஆளான பெண்ணின் மருத்துவச் செலவைக் கணவனே கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பணம் தராமல் பட்டினி போடுவதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். மனு எழுத மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் உதவுவார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு ஜீவனாம்ச வழக்கு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் வருகிறது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம்.

வயதான பெற்றோர் கதை வேறு. மகன் கார்டில் பெயர் இருந்தால் அவன் வருமானமும் கணக்கில் சேரும். அது வரம்பைத் தாண்டினால், அவன் சல்லிக்காசு தராவிட்டாலும் அவர்களுக்குக் காப்பீடு கிடைக்காது. உண்மையிலேயே தனியாகக் குடியிருந்து தனியாகச் சமைப்பவர்கள் தனிக் கார்டு கேட்கலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் பார்க்காத மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சோறு, துணி, இருப்பிடத்தோடு மருத்துவத்தையும் பிள்ளைகளின் கடமையாக வைத்திருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோரே மனு கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர்கள் சொல்லும் வேறொருவர் கொடுக்கலாம்.